நடத்தைப் பகுப்பாய்வும் நடத்தை மாற்ற முறைகளும்: முதுநிலைப் படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படிப்பில் எதைக் கற்கிறோம்?

ஒருவர் செய்யும் செயல் எந்தச் சூழ்நிலையில் நிகழ்கிறது, நிகழ்ந்ததும் அவருக்கு என்ன கிடைக்கிறது அல்லது எதிலிருந்து அவர் விடுபடுகிறார், அந்த விளைவு அதே செயலை மறுபடி நிகழச் செய்கிறதா என்பதை அளந்து கண்டறிவது இந்தப் படிப்பின் முதல் பாதி. கண்டறிந்ததைக் கொண்டு அவருக்குப் பயன்படும் மாற்றத்தை ஏற்படுத்துவதும், அந்த மாற்றம் நம் முயற்சியால்தான் வந்தது, தற்செயலாக வரவில்லை என்று காட்டுவதும் இரண்டாம் பாதி. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1930-களில் ஆய்வகத்தில் வகுத்த செயல்படு ஆக்கநிலையிறுத்தக் கோட்பாடுதான், அதாவது ஒரு செயலின் விளைவே அது மறுபடி நிகழுமா என்பதைத் தீர்மானிக்கிறது என்ற கோட்பாடுதான், இதன் வேர். பள்ளி, மருத்துவமனை, வீடு போன்ற இடங்களில் அந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்தும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு தனித்துறையாக வடிவம் பெற்ற ஆண்டாக 1968-ஐச் சொல்வது வழக்கம். அந்த ஆண்டில் தொடங்கப்பட்ட துறை இதழின் முதல் இதழிலேயே பேர், வுல்ஃப், ரிஸ்லி ஆகிய மூவரும் இத்துறைக்குரிய ஏழு பண்புகளை வரையறுத்த கட்டுரை வெளிவந்தது. இன்றும் ஏறத்தாழ எல்லா முதுநிலைப் பாடத்திட்டங்களும் அந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றன.

நடத்தைப் பகுப்பாய்வும் நடத்தை மாற்ற அறிவியலும் ஒன்றுதானா? எதற்கு விண்ணப்பிப்பது?

இரண்டும் ஒன்றல்ல. விண்ணப்பிப்பவர்கள் மிகுதியாகக் குழம்புவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நடத்தைப் பகுப்பாய்வில் ஆய்வின் அலகு தனிமனிதர். ஒரு குழந்தை, ஒரு நோயாளி, ஒரு தொழிலாளி என ஒவ்வொருவரின் நடத்தையும் நாள்தோறும் நேரடியாக அளக்கப்படுகிறது. விளக்கம் அவருடைய சூழலில் தேடப்படுகிறது. நடத்தை மாற்ற அறிவியல் என்ற பெயரில் வழங்கப்படும் படிப்புகள் பெரும்பாலும் உடல்நல உளவியல், பொதுச் சுகாதாரம், பொருளியல் ஆகியவற்றிலிருந்து கிளைத்தவை. புகைப்பழக்கத்தைக் கைவிடுதல், மருந்தைத் தவறாமல் உட்கொள்ளுதல், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல் போன்றவற்றை ஆயிரக்கணக்கானவர்களிடம் எப்படி ஏற்படுத்துவது என்பதே அவற்றின் கேள்வி. நோக்கம், நம்பிக்கை, தன்னால் முடியும் என்ற உணர்வு முதலிய அகநிலைக் கூறுகளை இவை தயக்கமின்றிக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நடத்தைப் பகுப்பாய்வோ அவற்றையும் விளக்கப்பட வேண்டிய நடத்தைகளாகவே பார்க்கிறது.

அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழகம், வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம், மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவை முதல் மரபுக்குப் பெயர்பெற்றவை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் உள்ள நடத்தை மாற்ற மையம் இரண்டாம் மரபில் முன்னிலையில் இருப்பது. குழந்தைகளோடு நேருக்கு நேர் பணியாற்ற விரும்புபவர் இரண்டாம் வகைப் படிப்பில் சேர்ந்துவிட்டு, மேற்பார்வையில் செய்யும் களப்பயிற்சி ஏன் இல்லை என்று கேட்பதில் பயனில்லை. கொள்கை வகுக்கும் துறையில் நுழைய விரும்புபவர் முதல் வகையில் சேர்ந்தால், அங்கு கற்கும் அளவீட்டு ஒழுங்கு அவருக்குப் பயன்படும்; ஆனால் மக்கள்தொகை அளவில் ஆய்வை வடிவமைக்கும் பயிற்சியை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கும்.

உளவியலில் இளநிலைப் பட்டம் கட்டாயமா?

பெரும்பாலான இடங்களில் கட்டாயம் இல்லை. சிறப்புக் கல்வி, செவிலியம், பேச்சு மொழிப் பயிற்சி, சமூகப்பணி, உயிரியல் படித்தவர்கள் நிறையவே சேர்கிறார்கள். முன்தேர்ச்சி ஏதேனும் எதிர்பார்க்கப்படுமானால் அது பெரும்பாலும் ஆய்வு முறைகள் அல்லது அடிப்படைப் புள்ளியியலில் ஒரு தாளாக இருக்கும். முன்கூட்டியே ஏதேனும் ஒரு களத்தில் மனிதர்களோடு பணியாற்றிய அனுபவம் சேர்க்கைக்கு எவ்வளவு உதவுகிறதோ, அதைவிட மேலாகச் சேர்ந்தபின் உதவுகிறது.

முதல் பருவத்திலேயே சிகிச்சை முறைகளைக் கற்பிப்பார்களா?

நல்ல படிப்பு என்றால் கற்பிக்க மாட்டார்கள். முதல் பருவத்தின் பெரும்பகுதி வரையறுப்பதிலும் எண்ணுவதிலும் கழியும். “அடம் பிடிக்கிறான்” என்பதை அளக்க முடியாது. “தரையில் படுத்தபடி மூன்று நொடிக்கு மேல் குரலெழுப்புதல், எழுந்து நின்றபின் பத்து நொடி அமைதியாக இருந்தால் அந்த நிகழ்வு முடிந்ததாகக் கொள்ளப்படும்” என்று எழுதினால்தான் இரண்டு பேர் தனித்தனியே பார்த்து ஒரே எண்ணிக்கைக்கு வர முடியும். இவ்வாறு இருவரின் பதிவுகள் எந்த அளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சதவீதத்தில் கணக்கிடுவார்கள். 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. அதற்குக் கீழே போனால் பார்வையாளரைக் குறைசொல்வதற்கு முன் வரையறையைத் திருத்துவது வழக்கம்.

எதை அளப்பது என்பதும் எளிய முடிவல்ல. கதவைத் தட்டுவதை எண்ணலாம். அழுகையை எண்ணுவதைவிட அது நீடித்த நேரத்தை அளப்பது பொருத்தம். நாள் முழுவதும் ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்க முடியாத வகுப்பறையில் நேரத்தைச் சிறு இடைவெளிகளாகப் பிரித்துப் பதிவு செய்வார்கள். இடைவெளியில் ஒரு நொடி நிகழ்ந்தாலும் “நிகழ்ந்தது” என்று குறிக்கும் முறை, அந்த நடத்தை நீடித்த மொத்த நேரத்தை மிகைப்படுத்திக் காட்டும். இடைவெளி முழுவதும் நிகழ்ந்தால் மட்டுமே குறிக்கும் முறை குறைத்துக் காட்டும். தலையீட்டால், அதாவது நடத்தையை மாற்ற மேற்கொண்ட முயற்சியால், குறைந்துவிட்டது என்று நிறுவ விரும்புபவர் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தார் என்பதை வைத்தே அவருடைய நேர்மையை மதிப்பிடலாம் என்று சொன்னால் அது மிகையாகாது.

வலுவூட்டல் என்பது பரிசு கொடுப்பதுதானே?

இல்லை. ஒரு நடத்தையைத் தொடர்ந்து வந்த விளைவு அந்த நடத்தையைப் பின்னாளில் அதிகரிக்கச் செய்திருந்தால்தான் அதற்கு வலுவூட்டி என்ற பெயர் பொருந்தும். கொடுப்பவரின் நோக்கத்துக்கு இதில் இடமில்லை. எல்லோர் முன்னிலையிலும் பாராட்டப்படுவதை வெறுக்கும் மாணவனுக்குப் பாராட்டு தண்டனையாக வேலை செய்யலாம். ஆசிரியரின் கடிந்துரையே கவனத்துக்கு ஏங்கும் மற்றொருவனுக்கு வலுவூட்டியாக அமையலாம். எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. விரும்பாத ஒன்று நீங்குவதால் நடத்தை அதிகரிப்பதே எதிர்மறை வலுவூட்டல். காதைப் பிளக்கும் ஒலியை நிறுத்த இருக்கைப் பட்டையை மாட்டுவது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு நடத்தையின் காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கொஞ்சம் நடைமுறையில் காட்ட முடியுமா?

ஏழு வயது மாணவன் வகுப்பில் தாள்களைக் கிழித்து எறிகிறான் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி மாணவி பின்வரிசையில் அமர்ந்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்பு என்ன நடந்தது, அவன் செய்தது என்ன, பின்பு என்ன நடந்தது என்று மூன்று கட்டங்களில் எழுதுகிறாள். மூன்று நாள் பதிவைப் படித்தால், பெரும்பாலான கிழிப்புகள் கணக்குப் பயிற்சித்தாள் மேசையில் வைக்கப்பட்ட ஓரிரு நிமிடங்களில் நிகழ்ந்திருப்பது தெரிகிறது. படம் வரையும் வேளையில் ஒன்றும் இல்லை. பின்விளைவுக் கட்டத்தில் “வெளியே அனுப்பப்பட்டான்” என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. ஆசிரியர் தண்டனை என்று கருதிச் செய்வது, கணக்கிலிருந்து தப்பும் வழியை அவனுக்குத் திறந்துவிடுகிறது என்று இப்போது ஊகிக்கலாம்.

ஊகத்தைச் சோதிக்கும் முறையை 1982-இல் ஐவாட்டாவும் அவருடைய குழுவினரும், தங்களையே காயப்படுத்திக்கொண்ட ஒன்பது பேரிடம் செய்த ஆய்வில் வடிவமைத்தார்கள். நடத்தை நிகழ்ந்ததும் கவனம் கொடுக்கப்படும் நிலை, கடினமான பணி நிறுத்தப்படும் நிலை, தனியாக இருக்கும் நிலை, எந்தக் கோரிக்கையும் இல்லாமல் விளையாடும் நிலை ஆகியவற்றை மாற்றி மாற்றி அமைத்து, எதில் நடத்தை உயர்கிறது என்று வரைபடத்தில் பார்ப்பார்கள். ஒரே தோற்றமுடைய நடத்தை வெவ்வேறு நபர்களில் வெவ்வேறு காரணங்களால் நிலைத்திருக்கிறது என்பது அந்த ஆய்வின் முதன்மையான முடிவு. இன்று இந்தச் சோதனையைப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரின்றி மாணவர் தனியே செய்ய அனுமதியில்லை. தீங்கு நேரக்கூடிய நடத்தைகளில் அப்படிச் செய்யவும் கூடாது.

காரணம் தப்பித்தல் என்று உறுதியானால், சிகிச்சை அந்தக் காரணத்தை ஒட்டியே அமையும். 1985-இல் கார், டியூராண்ட் இருவரும் காட்டியபடி, “எனக்கு உதவி வேண்டும்” அல்லது “கொஞ்சம் ஓய்வு வேண்டும்” என்று கேட்கக் கற்றுக்கொடுத்து, கேட்டால் உடனே கிடைக்கச் செய்வது ஒரு வழி. நம் மாணவனுக்கு ஓய்வு அட்டை ஒன்று கொடுக்கப்படலாம். அதோடு, கணக்குப் பயிற்சித்தாளின் கடினம் அவனுடைய நிலைக்கு ஏற்றதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் நடத்தைத் திட்டம் எழுதுபவர்கள் ஆசிரியரின் வேலையை எளிதாக்குகிறார்களே ஒழிய மாணவனுக்கு உதவுவதில்லை.

ஒரே ஒருவரை வைத்துச் செய்யும் ஆய்வு அறிவியலாகுமா? புள்ளியியல் வேண்டாமா?

ஒரே நபரைப் பல நாள் தொடர்ந்து அளக்கும்போது, அவரே தமக்கு ஒப்பீடாகிறார். தலையீட்டுக்கு முந்தைய அளவீட்டை பேஸ்லைன் என்பார்கள். அது நிலைத்தபின் தலையீடு தொடங்கப்படும். பின்னர் அது விலக்கப்பட்டு, மீண்டும் கொண்டுவரப்படும். ஒவ்வொரு முறையும் நடத்தை அதற்கேற்ப மாறினால் தற்செயல் என்ற விளக்கம் வலுவிழக்கிறது. ஒருமுறை படிக்கக் கற்றவரை “கற்காத நிலைக்கு” திருப்ப முடியாது என்பதால் கல்வித் திறன்களுக்கு இந்த முறை பொருந்தாது. தன்னைத் தாக்கிக்கொள்ளும் ஒருவரிடம் பலன் தரும் சிகிச்சையை விலக்குவது அறத்துக்குப் புறம்பு. அப்போது மூன்று நபர்களிடம், அல்லது ஒருவரின் மூன்று நடத்தைகளில், வெவ்வேறு நாள்களில் தலையீட்டைத் தொடங்கும் வடிவமைப்பு கைகொடுக்கிறது. விளைவை மூன்று வெவ்வேறு தருணங்களிலாவது காட்ட வேண்டும் என்பது பொதுவாக எதிர்பார்க்கப்படும் தரம்.

முடிவை வரைபடத்தைக் கண்ணால் பார்த்தே மதிப்பிடும் மரபு இத்துறைக்கு உண்டு. நடத்தையின் அளவு, போக்கு, ஏற்ற இறக்கம், மாற்றம் எவ்வளவு விரைவில் தெரிந்தது, இரு கட்டங்களின் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா ஆகியவை கவனிக்கப்படும். தேர்ந்த பார்வையாளர்களே சில வரைபடங்களில் ஒருவருக்கொருவர் மாறுபடுகிறார்கள் என்பதும் அறிந்த செய்தி. அதனால் விளைவின் அளவைக் கணக்கிடும் புள்ளியியல் முறைகள் இப்போது பாடத்திட்டங்களில் இடம்பெறுகின்றன. நடத்தை மாற்ற அறிவியல் பக்கம் போனால், பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைகளும், பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வும் கட்டாயம். அங்கே கணக்கைத் தவிர்க்க வழியில்லை.

நடத்தை மாற்றப் படிப்பில் முதன்மையான கருவி எது?

2011-இல் மிச்சி, வான் ஸ்ட்ராலன், வெஸ்ட் ஆகியோர் அதுவரை இருந்த 19 கட்டமைப்புகளை ஒப்பிட்டு உருவாக்கிய நடத்தை மாற்றச் சக்கரம் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. ஒரு நடத்தை நிகழ வேண்டுமானால் திறன், வாய்ப்பு, உந்துதல் மூன்றும் வேண்டும் என்பது அதன் உட்கரு. மருத்துவமனை ஊழியர்கள் கை கழுவாததை எடுத்துக்கொண்டால், எப்படிக் கழுவ வேண்டும் என்று தெரியாதது திறன் குறைபாடு. கிருமிநீக்கி நோயாளியின் படுக்கைக்கு அருகில் இல்லாதது வாய்ப்புக் குறைபாடு. மூத்த மருத்துவர் கழுவுவதில்லை என்பதால் இளையவரும் விட்டுவிடுவது சமூக வாய்ப்பையும் உந்துதலையும் சார்ந்தது. கழுவும் முறையைப் பற்றிச் சுவரொட்டி ஒட்டுவது முதல் குறைபாட்டுக்கு மட்டுமே மருந்து. நடைமுறையில், குறைபாடு எதுவென்று பாராமல் சுவரொட்டியிலேயே தொடங்கிச் சுவரொட்டியிலேயே முடியும் திட்டங்கள் ஏராளம்.

2013-இல் மிச்சியும் வேறு சில ஆய்வாளர்களும் தலையீடுகளின் மிகச்சிறிய கூறுகளை 93 உத்திகளாகப் பிரித்து, 16 தொகுதிகளில் அடுக்கினர். இலக்கு நிர்ணயித்தல், தன்னைத்தானே கண்காணித்தல், சூழலில் பொருள்களைச் சேர்த்தல் போன்றவை அதில் அடங்கும். பழைய ஆய்வறிக்கை ஒன்றை எடுத்து, அதில் உண்மையில் எந்த உத்திகள் பயன்படுத்தப்பட்டன என்று வரிவரியாகக் குறியிடும் பயிற்சி மாணவர்களுக்குச் சலிப்பூட்டும். ஆனால் “ஆலோசனை வழங்கப்பட்டது” என்ற ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை தெளிவின்மை ஒளிந்திருக்கிறது என்பதை அந்தப் பயிற்சி காட்டிவிடுகிறது.

நட்ஜ் எனப்படும் மெல்லிய தூண்டுதல்கள் பலன் தருகின்றனவா?

கட்டாயப்படுத்தாமல், தேர்வு செய்யும் சூழலைச் சற்று மாற்றி மக்களை ஒரு பக்கம் சாயச் செய்வதே நட்ஜ். அவை பலன் தருகின்றன, ஆனால் கருத்தரங்குகளில் கேட்கும் அளவுக்கு அல்ல. டெல்லவிக்னா, லினோஸ் இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் இத்தகைய தூண்டுதல்களை வடிவமைத்துச் சோதிக்கும் இரண்டு நட்ஜ் அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளைக் கல்வி இதழ்களில் வெளியானவற்றோடு ஒப்பிட்டது. இதழ்களில் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளிகள். அமைப்புகளின் சோதனைகளில் 1.4 மட்டுமே. வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம், சாதகமான முடிவுகளே இதழ்களில் இடம்பெறும் போக்கு என்று அவர்கள் விளக்கினர். செலவு குறைவு என்றால் 1.4 என்பதும் பொருட்படுத்தத்தக்க பயனே. முதுநிலை மாணவருக்கு இதிலிருந்து கிடைப்பது, வெளியான முடிவுகளை எந்த அளவு கழித்துப் படிக்க வேண்டும் என்ற கணக்கு.

ஒரு பழக்கம் 21 நாளில் உருவாகும் என்பது உண்மையா?

அதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் அச்சில் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானியங்கியாக மாற எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். தனிநபர் வேறுபாடு 18 முதல் 254 நாள் வரை. ஒரு நாள் விட்டுப்போனது போக்கைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை.

சான்றிதழ் எங்கே பெறுவது? பி.சி.பி.ஏ. கட்டாயமா?

பி.சி.பி.ஏ. (Board Certified Behavior Analyst) என்பது அமெரிக்காவில் 1998-இல் நிறுவப்பட்ட பி.ஏ.சி.பி. (Behavior Analyst Certification Board) என்ற வாரியம் நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கு வழங்கும் சான்றிதழ். முதுநிலைப் பட்டம், வரையறுக்கப்பட்ட பாடநேரம், மேற்பார்வையில் செய்த களப்பயிற்சி, தேர்வு ஆகிய நான்கும் அதற்குத் தேவை. களப்பயிற்சி வழக்கமான வகையில் 2,000 மணி நேரம். மேற்பார்வை அடர்த்தி இருமடங்காக இருக்கும் வகையில் 1,500 மணி நேரம். இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய கையேட்டையே ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும்.

பலர் தாமதமாக அறிந்து ஏமாறும் செய்தி ஒன்று உண்டு: 2023 முதல் இந்த வாரியம் புதிய விண்ணப்பங்களை மிகச் சில நாடுகளில் வசிப்பவர்களிடமிருந்து மட்டுமே ஏற்கிறது. மற்ற நாட்டினருக்கு ஐ.பி.ஏ.ஓ., க்யூ.ஏ.பி.ஏ. போன்ற வேறு பன்னாட்டுச் சான்றளிப்பு அமைப்புகள் உள்ளன. சான்றிதழும் பணிபுரியும் உரிமமும் வெவ்வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் தனியே உரிமம் கேட்கின்றன. வேறு நாடுகளில் இத்தொழிலுக்குச் சட்டப்பூர்வமான ஒழுங்குமுறையே இல்லாமலும் இருக்கலாம். “எங்கள் படிப்பை முடித்தால் உலகம் முழுவதும் வேலை” என்று எழுதியிருக்கும் விளம்பரத்தைக் கண்டால், எந்த நாட்டில், எந்த அமைப்பின் கீழ் என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

ஒரு படிப்பின் தரத்தை எப்படி மதிப்பிடுவது?

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையின் தரமே முதுநிலைப் பட்டதாரியின் திறனைத் தீர்மானிக்கிறது. மேற்பார்வையாளர் மாணவரைப் பணியிடத்தில் நேரில் அல்லது காணொளியில் பார்க்கிறாரா, அல்லது மாதம் ஒருமுறை அறையில் அமர்ந்து நலம் விசாரித்துக் கையெழுத்திடுகிறாரா என்பதை இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் கேட்க வேண்டும். ஒரு மேற்பார்வையாளர் எத்தனை பேரைக் கவனிக்கிறார் என்பதையும், மாணவர் வரைந்த வரைபடங்கள் வாரந்தோறும் திருத்தப்படுகின்றனவா என்பதையும் விசாரிக்கலாம். களப்பயிற்சியின் முழு நேரமும் ஒரே அறையில் ஒரே வகைக் குழந்தையோடு, யாரோ எழுதிய திட்டத்தை நடத்துவதிலேயே கழிந்தால், மணிக்கணக்கு நிறைந்துவிடும். மதிப்பீடு செய்யவோ பெற்றோரைப் பயிற்றுவிக்கவோ திட்டம் எழுதவோ தெரியாமலே பட்டம் கைக்கு வந்துவிடும். பி.சி.பி.ஏ. விதிகளும் களப்பயிற்சியில் ஒரு பெரும்பகுதி நேரடிச் சிகிச்சைக்கு அப்பாற்பட்ட பணிகளாக இருக்க வேண்டும் என்கின்றன.

தேர்வில் முதல் முயற்சியில் தேறியவர்களின் விகிதத்தைப் பல்கலைக்கழக வாரியாக அந்த வாரியம் வெளியிட்டு வந்திருக்கிறது. அதைப் பார்க்கலாம், ஆனால் சில நூறு பேரைச் சேர்க்கும் இணையவழிப் படிப்பையும் பத்துப் பேரைச் சேர்க்கும் வளாகப் படிப்பையும் அந்த ஓர் எண்ணைக் கொண்டு எடைபோட முடியாது.

இணையவழியில் படிக்கலாமா?

பாடங்களைப் படிக்கலாம். களப்பயிற்சிக்கு இடமும் மேற்பார்வையாளரும் தாமாகவே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால், சேர்வதற்கு முன்பே அவ்விரண்டையும் உறுதிசெய்தவர்களுக்கு இந்த வழி பொருந்தும்.

ஆட்டிசம் துறையைத் தவிர வேறு வேலை உண்டா?

வேலைகளில் பெரும்பான்மை ஆட்டிசம் சார்ந்தே உள்ளது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் கோட்பாட்டின் வீச்சு அதைவிடப் பெரிது. 1959-இலேயே அய்லான், மைக்கேல் இருவரும் மனநல மருத்துவமனைச் செவிலியர்களுக்கு இம்முறைகளைக் கற்பித்து நோயாளிகளின் நடத்தையில் மாற்றம் கண்டனர். இன்று தொழிற்சாலைப் பாதுகாப்பு, நிறுவன நிர்வாகம், மூளைக்காய மறுவாழ்வு, முதியோர் பராமரிப்பு, விலங்குப் பயிற்சி ஆகிய இடங்களில் இத்துறையினர் பணியாற்றுகிறார்கள். போதைப் பழக்கச் சிகிச்சையில், சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இல்லை என்று தெரிந்தால் பொருளாக மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டு வழங்கும் முறைக்கு வலுவான ஆய்வு ஆதாரம் உண்டு. குறிப்பாக, மருந்துச் சிகிச்சை எட்டாத கோக்கெய்ன் போன்ற ஊக்கிப் பொருள்களில். நடத்தை மாற்றப் பட்டதாரிகளுக்குச் சுகாதாரத் துறைகள், ஆலோசனை நிறுவனங்கள், நடத்தை ஆய்வு முடிவுகளை அரசின் கொள்கைகளில் பயன்படுத்த 2010-இல் பிரிட்டன் அரசில் தொடங்கப்பட்டதைப் போன்ற நடத்தை நுண்ணறிவுக் குழுக்கள் ஆகியவை வேலைவாய்ப்புத் தருகின்றன.

இத்துறையைக் கடுமையாக விமர்சிக்கிறார்களே, அது நியாயமா?

பல விமர்சனங்கள் நியாயமானவை. அவற்றைப் படிக்காமல் பட்டம் பெறுவது சரியல்ல. 1987-இல் லோவாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, இத்துறை முறைகளில் தீவிரப் பயிற்சி பெற்ற, ஆட்டிச நிலையில் உள்ள 19 குழந்தைகளில் 47 சதவீதத்தினர் வழக்கமான பள்ளிக் கல்வியும் சராசரி நுண்ணறிவு மதிப்பெண்ணும் பெற்றதாகச் சொன்னது. குழந்தைகள் சீரற்ற முறையில் ஒதுக்கப்படவில்லை. சிகிச்சையில் வெறுப்பூட்டும் தண்டனைகளும் இடம்பெற்றிருந்தன. ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்கள் பலர், கண்ணோடு கண் பார்க்கும்படி கட்டாயப்படுத்தியதும், யாருக்கும் தீங்கில்லாத கை அசைவுகளை அடக்கியதும் தங்களுக்கு நெடுங்கால வேதனையைத் தந்தன என்று சாட்சியம் சொல்கிறார்கள். அவர்களிடம் குறைந்த நடத்தையின் வரைபடத்தைக் காட்டுவது விடையாகாது. அந்த நடத்தையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தது யார் என்பதே அவர்களின் கேள்வி.

துறைக்குள்ளேயும் இதற்கு அடித்தளம் இருந்தது. 1978-இல் மான்ட்ரோஸ் வுல்ஃப், இலக்கும் வழிமுறையும் விளைவும் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஏற்புடையனவா என்று அவர்களிடமே கேட்க வேண்டும் என்று எழுதினார். 2022-இல் நடைமுறைக்கு வந்த பி.ஏ.சி.பி. ஒழுக்கநெறி, பெற்றோரின் ஒப்புதலோடு, இயன்ற இடங்களில் சிகிச்சை பெறுபவரின் இசைவையும் பெறச் சொல்கிறது. அதே ஆண்டில், தண்டனையாக மின்னதிர்ச்சி கொடுப்பதை எதிர்க்கும் நிலைப்பாட்டைப் பன்னாட்டு நடத்தைப் பகுப்பாய்வுச் சங்கம் எடுத்தது. அது இவ்வளவு தாமதமாக வந்திருக்க வேண்டியதில்லை.

நேர்காணலில் இந்த விமர்சனங்களைப் பற்றிக் கேட்டால் பாடத்திட்டப் பொறுப்பாளர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். விமர்சகர்களுக்கு அறிவியல் புரியவில்லை என்ற ஒற்றை வரியோடு நிறுத்துபவரிடம் இரண்டு ஆண்டு கற்பது கடினம்.

ஆய்வேட்டுக்கு எப்படித் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது?

கையில் இருக்கும் களத்திலிருந்து தொடங்குவது நல்லது. பங்கேற்பாளர் கிடைக்காமல், அற ஆய்வுக் குழுவின் அனுமதி தாமதமாகி, பேஸ்லைன் நிலைப்பதற்குள் கல்வியாண்டு முடிந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. மூன்று பங்கேற்பாளர், ஓர் எளிய அளவீடு, ஆறு வாரத்தில் முடியும் தலையீடு என்று திட்டமிட்டு, நான்காவது பங்கேற்பாளர் ஒருவரை மாற்றாக வைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் உரிய காலத்தில் முடிக்கிறார்கள். முன்பே வெளியான ஆய்வொன்றை வேறு சூழலில் திரும்பச் செய்வதைச் சிறுமையாக நினைக்க வேண்டாம். சிலரை மட்டுமே வைத்து முன்னேறும் இத்துறையில் அத்தகைய மறுஆய்வுகளே பொதுமைக்குச் சான்று.

சேர்வதற்கு முன் உள்ள மாதங்களில் என்ன செய்யலாம்?

உங்கள் நடத்தைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரையறை எழுதுங்கள். வேலை நேரத்தில் கைபேசியை எடுத்துப் பார்ப்பது போன்றது போதும். எப்போது தொடங்கியதாக, எப்போது முடிந்ததாகக் கொள்வது என்று தீர்மானித்துவிட்டு, எதையும் மாற்ற முயலாமல் இரண்டு வாரம் எண்ணி, நாள்வாரியாக வரைபடத்தில் குறியுங்கள். எண்ணத் தொடங்கியதாலேயே எண்ணிக்கை குறையக்கூடும். அப்படிக் குறைந்தால் அதையும் பதிவு செய்து, கோடு நிலைக்கும்வரை தொடருங்கள். அதன்பின் ஒரே ஒரு மாற்றத்தை, எடுத்துக்காட்டாகக் கைபேசியை அடுத்த அறையில் வைப்பதை, மேற்கொண்டு இன்னும் இரண்டு வாரம் அளந்து, பிறகு அந்த மாற்றத்தை விலக்கிப் பாருங்கள். நேர்காணலுக்குப் போகும்போது அந்த வரைபடத்தையும், முதலில் எழுதிய வரையறையையும், பின்னர் திருத்திய வரையறையையும் உடன் எடுத்துச் செல்லலாம்.